மீன்தலைக் கறிக்கு நாலு நட்சத்திரம், அப்பளத்துக்கு ஒன்றுமில்லை

சிங்கப்பூர் ரேஸ் கோர்ஸ் ரோட்டில் இருக்கும் கடை. சின்னச் சட்டியே மூன்று பேருக்குத் தாராளம். புளி தூக்கலாக, தேங்காய்ப்பால் அடக்கமாக இருக்கிறது. எனக்கு அப்படித்தான் வேண்டும். வெண்டைக்காய்தான் குழைந்துவிட்டது. அப்பளமும் நமுத்துப்போயிருந்தது.

மீன்தலை என்றால் சீனர்களுக்கு உயிர். அதைக் குழம்பில் போட்டால் அவர்களும் வருவார்கள் என்று 1949இல் சோபியா ரோட்டில் கடை வைத்திருந்த மலையாளி எம். ஜே. கோமஸ் கணக்குப் போட்டதாகச் சொல்வார்கள். நம் ஊர்க் குழம்பும் சீனர்களின் மீன்தலையும் ஒரே சட்டியில் சேர்ந்தன. இரண்டு பண்பாடுகள் தொட்டுக்கொண்டால் வந்தவர், இருந்தவர் இருவருமே மாறுவார்கள் என்பது உளவியலாளர் ஜான் பெர்ரியின் வாதம். இங்கே அது இலையிலேயே தெரிகிறது.

பக்கத்து மேசைச் சீன ஆன்ட்டி சோற்றைக் கையால் பிசைந்து, கன்னச் சதையை லாகவமாக நோண்டி எடுத்தார். முடித்ததும் இலையைத் தன் பக்கமாக மடித்துவிட்டு எழுந்தார். எங்கள் அலுவலகத்துக்குத் திருச்சியிலிருந்து புதிதாக வந்த தம்பியோ, முள்கரண்டியும் கையுமாக மீன் கண்ணைப் பார்த்து முழித்தார். “கன்னத்துல ஆரம்பிங்க தம்பி” என்றேன். அப்புறம் முள்கரண்டியைத் தொடவே இல்லை.

ஞாயிறு மதியம் மட்டும் போகாதீர்கள். தேக்கா (லிட்டில் இந்தியா) கூட்டம் மொத்தமும் அங்கேதான் நிற்கும்.