கையடக்கத் தமிழ் அரசமைப்புச் சட்டம்: ஒரு வாசகரின் மதிப்பீடு

இந்திய அரசமைப்புச் சட்டத்தின் கையடக்கத் தமிழ்ப் பதிப்பு ஒன்றைச் சென்ற மாதம் வாங்கினேன். குறைகளையும் சொல்லவிருப்பதால் பதிப்பகத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். நூல் முழுவதையும் எடைபோட எனக்குத் தகுதியில்லை. அடிப்படை உரிமைகளைக் கூறும் மூன்றாம் பகுதியை, அதாவது 12 முதல் 35 வரையிலான உறுப்புகளை, சட்டம் படிக்காத ஒருவர் இதைக் கொண்டு புரிந்துகொள்ள முடியுமா என்று மட்டுமே பார்த்தேன்.

மொழிபெயர்ப்பு பெரும்பாலும் தெளிவாக இருக்கிறது. செய்தித்தாள்கள் 'பிரிவு' என்று எழுதுவதை இந்நூல் 'உறுப்பு' என்கிறது. சில பக்கங்களில் பழகிவிடும். கைதானவரைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் நிறுத்த வேண்டும் என்னும் 22ஆம் உறுப்பை ஒரே வாசிப்பில் விளங்கிக்கொள்ளலாம். ஆனால் 19ஆம் உறுப்பின் சுதந்திரங்கள் ஒரு பக்கத்தின் அடியிலும், அவற்றுக்கான நியாயமான கட்டுப்பாடுகள் தாளைப் புரட்டிய பிறகும் வருவதால், பேச்சுரிமைக்கு எல்லையே இல்லை என்று அவசரமாகப் படிப்பவர் நம்பிவிடக்கூடும்.

அம்பேத்கர் அரசமைப்பின் இதயமும் ஆன்மாவும் என்று குறிப்பிட்ட 32ஆம் உறுப்பில்தான் எனக்குப் பெரிய ஏமாற்றம். உரிமை மீறப்பட்டால் உச்ச நீதிமன்றத்தையே நேரடியாக அணுகலாம் என்னும் இந்த உத்தரவாதம் இல்லையேல் மற்ற உரிமைகள் வெறும் அறிவிப்புகளாகவே நின்றுவிடும். அடைத்துவைக்கப்பட்டவரை நீதிமன்றத்தின் முன் கொண்டுவரச் சொல்லும் ஆட்கொணர்வு, கீழ் நீதிமன்றத்தின் ஆவணங்களை வரவழைத்து ஆராயும் ஆவணக் கேட்பு முதலிய ஐந்து நீதிப்பேராணைகளின், அதாவது 'ரிட்' ஆணைகளின், பெயர்கள் இருக்கின்றன; எது எதற்கு என்று ஒரு வரி விளக்கமும் இல்லை. உயர் நீதிமன்றங்களுக்கு இதனினும் விரிந்த அதிகாரம் தரும் 226ஆம் உறுப்பு ஆறாம் பகுதியில் இருக்கிறது என்ற குறிப்பும் இல்லை. உறவினர் சட்டவிரோதமாக அடைத்துவைக்கப்பட்டால் மதுரைக்காரர் முதலில் போவது மதுரையிலுள்ள உயர் நீதிமன்றக் கிளைக்குத்தானே, தில்லிக்கு அல்லவே!

திருத்தக் குறிப்புகள் அனைத்தும் நூலின் இறுதியில், பொடி எழுத்தில் கிடக்கின்றன. நெருக்கடி நிலையில் காவலில் வைக்கப்பட்டவர்கள் தங்கள் விடுதலைக்காக நீதிமன்றத்தை நாட முடியாது என்று 1976இல் உச்ச நீதிமன்றப் பெரும்பான்மை தீர்ப்பளித்ததையும், அதன் பிறகு 1978ஆம் ஆண்டின் 44ஆம் திருத்தம், குற்றத் தண்டனை தொடர்பான பாதுகாப்பைத் தரும் 20, உயிரையும் தனிமனிதச் சுதந்திரத்தையும் காக்கும் 21 ஆகிய உறுப்புகளின் அமலாக்கத்தை எந்த நெருக்கடியிலும் நிறுத்திவைக்க முடியாதபடி 359ஆம் உறுப்பை மாற்றியதையும் அறியாதவருக்கு அங்குள்ள உடுக்குறி (*) எதையும் சொல்லாது.

தாளும் தையலும் உறுதியானவை, விலையும் மிகையில்லை. குறைகளை மீறி வாங்கலாம். என் பிரதியில் 32ஆம் உறுப்பின் ஓரத்தில் '226ஐயும் பார்க்க' என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.