ஓ-பிரியோன்: சிவப்பா, வெள்ளையா?

பிரான்சில் போர்தோ நகரை ஒட்டிய பெசாக்கில் இருக்கிறது சாத்தோ ஓ-பிரியோன் தோட்டம். அதற்குப் பெயர் வாங்கித் தந்தது சிவப்பு ஒயின்தான். 1663-லேயே லண்டன் மதுக்கடை ஒன்றில் இதைக் குடித்துப் பார்த்த ஆங்கிலேய அரசு அதிகாரி சாமுவேல் பீப்ஸ், இதன் தனிச் சுவையை நாட்குறிப்பில் எழுதி வைத்தார். போர்தோ ஒயின்களை வகுப்பு வாரியாகப் பிரித்த 1855 தரவரிசையில் முதல் வகுப்பு கிடைத்ததும் சிவப்புக்கே. அந்தப் பட்டியலில் போர்தோவின் மெதோக் பகுதிக்கு வெளியே இருந்து நுழைந்த சிவப்பு வேறெதுவும் இல்லை.

சிவப்பில் சேரும் திராட்சைகள்: மெர்லோ, கபெர்னே சோவிஞ்ஞோன், கொஞ்சம் கபெர்னே ஃபிரான். தோலோடு நொதிப்பதால் நிறமும் துவர்ப்பும் இறங்கிவிடும். இளசாகத் திறந்தால் நாக்கைப் பிடிக்கும்; இருபது வருடம் போனால் புகையிலை, புகை, ஈரமண் வாசம். அவ்வளவு பொறுமை யாருக்கு?

வெள்ளை வேறு மாதிரி. செமிய்யோன், சோவிஞ்ஞோன் பிளாங் என்ற வெள்ளைத் திராட்சைகளைப் பிழிந்து, சாற்றை மட்டும் ஓக் பீப்பாயில் நொதிக்க விடுகிறார்கள். எலுமிச்சைப் புளிப்பும் மெழுகு போன்ற வழவழப்பும் சேர்ந்தே வரும். சுமார் 3 ஹெக்டேரில்தான் விளைகிறது. அதனால் சிவப்பைவிட அரிது, விலையும் பெரும்பாலும் கூடுதல்.

வறுத்த ஆட்டிறைச்சிக்குச் சிவப்பு. வெண்ணெயில் வதக்கிய சிங்கி இறாலுக்கு வெள்ளை. என் ஓட்டு வெள்ளைக்கு, காசு வேறொருவருடையது என்றால்! ஃபிரிட்ஜ் குளிரோடு மட்டும் ஊற்றாதீர்கள், வாசமே எழாது. 12 டிகிரி போதும்.