கிணற்று மட்டம் அளக்காமல் மோட்டார் விற்பவரிடம் மாட்டிக்கொள்ளாதீர்கள்

பல்லடம் பக்கம் எங்கள் தோட்டம். போன மே மாதம் கிணற்றில் தண்ணீர் இறங்க இறங்க, மேட்டில் இருந்த 5 எச்பி மோனோபிளாக் மோட்டார் (பம்பும் மோட்டாரும் ஒன்றாகவே இருப்பது) விட்டு விட்டுத் தள்ளியது. உள்ளே ஜல்லியை அள்ளிப் போட்டதுபோல் கரகரவென்று சத்தம். மோட்டார் கடைக்காரர் வந்தார். கிணற்றை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "மோட்டாருக்கு வயசாயிருச்சுங்க, 7.5 எச்பி போட்டாத்தான் இழுக்கும்" என்றார். 38,000 ரூபாய் கொடுத்தேன். கிணற்றிலிருந்து மோட்டாருக்குத் தண்ணீர் ஏறும் பழைய இரண்டரை அங்குல சக்ஷன் பைப்பிலேயே மாட்டிவிட்டுப் போனார்.

சத்தம் இன்னும் கூடியது. போன் செய்தால், "ஓட ஓட சரியாயிடுங்க." மூன்றே மாதத்தில் தண்ணீர் பாதியானது. கழற்றிப் பார்த்தால், பம்புக்குள் சுழலும் சக்கரமான இம்பெல்லரில் தண்ணீர் நுழையும் பக்கம் முழுக்கக் குழி குழியாக, கரையான் அரித்த பலகை மாதிரி இருந்தது. வாரண்டி கேட்டேன். "மண்ணை இழுத்திருக்குதுங்க, அதுக்குக் கிடையாது" என்று கையை விரித்துவிட்டார். எங்களுடையது பாறைக் கிணறு!

அப்புறம் ஊர் மெக்கானிக் அண்ணன் ஒருவர் கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி அளந்தார். மோட்டாரிலிருந்து தண்ணீர் 27 அடி கீழே இருந்தது. "பம்பு இழுக்கறதில்லை தம்பி, வெளிக்காத்துதான் தண்ணியை அழுத்தி மேல ஏத்துது" என்றார். அந்த அழுத்தம் கடல் மட்டத்திலேயே 34 அடிக்கு மேல் தூக்காது; எங்கள் மேட்டு நிலத்தில் இன்னும் ஓரடி குறையும். பைப்பின் அடி நுனியில் இருக்கும் ஃபுட் வால்வு, பெண்டு (பைப் வளைவு), ஒடுங்கிய பைப் எல்லாம் அதிலும் பங்கு கேட்கும். நடைமுறையில் 20, 22 அடிக்குள் வைப்பதே நல்லது. அதைத் தாண்டினால் இம்பெல்லர் வாயில் அழுத்தம் அடியோடு குறைந்து, தண்ணீர் சூடே இல்லாமல் கொதித்துக் குமிழியாகிறது. அந்தக் குமிழிகள் உள்ளே போய் நசுங்கும்போது விழும் அடிதான் இரும்பைத் தின்றிருக்கிறது. பெரிய மோட்டார் அதே பைப்பில் கூடுதல் தண்ணீர் கேட்டதால் நிலைமை இன்னும் மோசமாகிவிட்டது.

பழைய மோட்டாரை மறுபடி மாட்டி ஓடவிட்டு, தண்ணீர் வெளியேறும் பக்கத்து டெலிவரி வால்வைக் கொஞ்சம் மூடிக் காட்டினார். தண்ணீர் குறைந்தது, கரகரப்பும் அடங்கியது. நோய் எதுவென்று அங்கேயே தெரிந்துவிட்டது. சக்ஷன் பக்க வால்வை மட்டும் ஒருபோதும் குறைத்து வைக்காதீர்கள்.

கிணற்றுக்குள் இரும்புச் சட்டம் அடித்து, தண்ணீருக்கு 12 அடி மேலே அதே 5 எச்பியை இறக்கினோம். சக்ஷனுக்கு 3 அங்குல பைப், ஒரே ஒரு பெண்டு. இப்போது சத்தமே இல்லை, வாய்க்கால் நிறைய ஓடுகிறது. உங்கள் மோட்டார் ஜல்லிச் சத்தம் போட்டால், கடைக்குப் போகும் முன் கயிற்றை எடுத்து அளந்துவிடுங்கள்.