நீராவி எஞ்சினும் சோலார் தகடும்: எது முதலில் வந்தது, கையா, கணக்கா?

செங்கோட்டையிலிருந்து புனலூருக்கு 1904-ல் ரயில் ஓடத் தொடங்கியது. கழுதுருட்டி பதிமூன்று கண் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு நியூகாமன் நினைவுதான். இங்கிலாந்தில் இரும்புச் சாமான் விற்றவர் அவர். 1712-லேயே சுரங்கத் தண்ணீரை இறைக்க நீராவி எஞ்சினை ஓட்டிக் காட்டிவிட்டார். அந்த எஞ்சினுக்குத் துணை நின்ற காற்றழுத்தம் என்ற ஒன்று உண்டு என்பது அப்போதே தெரியும். ஆனால் வெப்பம் எவ்வளவு வேலையாக மாறும் என்ற கணக்கைப் பிரெஞ்சுப் பொறியாளர் கார்னோ எழுதியது 1824-ல்தான். எஞ்சின் முதலில், அறிவியல் 112 வருஷம் கழித்து!

சோலார் தகடு வந்த வழி வேறு. ஒளி பட்டால் மின்சாரம் பிறப்பதைப் பிரெஞ்சு விஞ்ஞானி பெக்கரல் கண்டது 1839-ல். ஒளி துகளாகவும் நடந்துகொள்ளும் என்று ஐன்ஸ்டைன் விளக்கியது 1905-ல். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தின் சிலிக்கான் தகடு வந்தது 1954-ல். அறிவு முந்தி, கருவி பிந்தி.

சரி, அவ்வளவு சுத்தமாகப் பிரிக்க முடியுமா? 1940-ல் அதே பெல் ஆய்வகத்து ஆராய்ச்சியாளர் ரஸ்ஸல் ஓல் கையில் இருந்த விரிசல் விட்ட சிலிக்கான் துண்டு, விளக்கு வெளிச்சத்தில் எதிர்பாராமல் மின்சாரம் தந்தது. அங்கேயும் கைதான் முந்தியது. என் மனசு அந்த விரிசல் பக்கமே.

புளியரையில் மாமா வீட்டு மாடியில் நான்கு தகடுகள். ஆரியங்காவுக் கணவாய்ச் சாரல் இறங்கும் மாதங்களில் மின்சாரம் குறைந்துவிடும். வெயில் வந்ததும் மாமா ஈரத்துணியால் பாசியைத் துடைப்பார், மீட்டரைப் பார்ப்பார், மறுபடி துடைப்பார்.