விண்டோஸ் 10-க்குப் பிறகு பழைய கணினி: வேலூர்க் கடைக்கு எது, வீட்டுக்கு எது?

விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் நின்றது. அதோடு கணினியை எடைக்குப் போட வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். காட்பாடி ஆடிட்டர் அலுவலகம், ஆம்பூர் தோல் கம்பெனியின் கணக்குப் பிரிவு, கல்யாணப் பத்திரிகை அடிக்கும் டிடிபி கடை, பள்ளிப் பிள்ளை இருக்கும் வீடு என்று ஒவ்வோர் இடத்துக்கும் பதில் வேறு. கணினியின் வயதைவிட, அதில் என்ன செருகியிருக்கிறது என்பதே முடிவைச் சொல்லும்: எந்த பிரின்டர், எந்த டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் (டிஎஸ்சி), எந்தக் கணக்கு மென்பொருள்.

எந்த வழியில் போனாலும் முதல் செலவு எஸ்எஸ்டி, அதாவது சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க். சுழலும் ஹார்ட் டிஸ்க் இருக்கும்வரை எந்த ஓஎஸ் (விண்டோஸ் போன்ற இயங்குதளம்) போட்டாலும் மந்தம்தான். 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி, 240 அல்லது 256 ஜிபி போதும். ரேம் வாங்கும் முன் பழைய பட்டையைக் கழற்றிப் படியுங்கள். நான்காம் தலைமுறை இன்டெல் லேப்டாப்கள் டிடிஆர்3எல், அதாவது 1.35 வோல்ட் ரேம் கேட்பவை, 1.5 வோல்ட் பட்டை செருகினால் திரையே வராமல் போகலாம். அக்னி நட்சத்திரத்தில் தானாக அணையும் கணினிக்குத் தேவை புது ஓஎஸ் அல்ல. விசிறியில் தூசி தட்டி, காய்ந்த தெர்மல் பேஸ்ட்டை மாற்றினால் பெரும்பாலும் சரியாகும். மின்வெட்டுக்குப் பிறகு தேதி பின்னால் போய், ஜிஎஸ்டி தளம் ‘பாதுகாப்பற்றது’ என்று காட்டினால் மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரியை மாற்றுங்கள்.

இனி வழிகள். நீட்டிப்பு அப்டேட் எனப்படும் இஎஸ்யூ, வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை. விண்டோஸ் 10-இன் 22எச்2 பதிப்பு இருக்க வேண்டும்; மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைய வேண்டும். செட்டிங்ஸை அந்தக் கணக்கோடு சின்க் செய்தால் பணமில்லை, இல்லையென்றால் 30 டாலர் அல்லது அதற்கு ஈடான தொகை. ஒரு கணக்கில் 10 கணினிகள் வரை சேர்க்கலாம். அலுவலக டொமைனில் இணைந்த கணினிக்கு இது கிடைக்காது. டேலி கணக்கு மென்பொருளும் டிஎஸ்சி டோக்கனும் ஓடும் மேசைக்கு இதுவே முதல் தேர்வு. விண்டோஸுக்கு மாற்றான இலவச ஓஎஸ் லினக்ஸில் டேலி நேரடியாக ஓடாது. விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் ஒயின் வழியாக ஓட்டிப் பார்த்து வரித் தாக்கல் கடைசி நாளில் மாட்டிக்கொள்வது கடைக்கு ஆகாது. ஆனால் இது அவகாசம்தான். அதற்குள் இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேற்பட்ட செகண்ட் ஹேண்ட் கணினிக்குப் பணம் சேர்க்கலாம்.

சில கணினிகள் விண்டோஸ் 11-க்குத் தகுதியிருந்தும் ‘தகுதியில்லை’ என்று காட்டும். எட்டாம் தலைமுறை இன்டெல், ரைசன் 2000 வரிசை தொடங்கிப் பெரும்பாலானவற்றில் விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதி உள்ளேயே இருக்கும். கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில் அதை அணைத்து வைத்திருப்பார்கள். இன்டெல்லில் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்று தேடி இயக்குங்கள். அடுத்த சிக்கல், டிஸ்க்கைப் பிரித்திருக்கும் முறை பழைய எம்பிஆராக இருப்பது. விண்டோஸிலேயே உள்ள எம்பிஆர்2ஜிபிடி கருவி அதைப் புதிய ஜிபிடி முறைக்கு மாற்றும். ஆனால் நம் ஊரில் சி, டி, ஈ என்று பிரித்துத் தரும் வழக்கம் உண்டல்லவா, அங்கேதான் அது தோற்கும்: மூன்றுக்கு மேல் பிரைமரி பார்ட்டிஷனோ, எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷனோ இருந்தால் கருவி மறுத்துவிடும். டி, ஈ-யில் உள்ளதை வெளி டிஸ்க்குக்கு நகலெடுத்து, அவற்றை அழித்து, பிறகு மாற்றுங்கள். மாற்றிய கையோடு பயாஸில் பூட் முறையை யூஇஎஃப்ஐ-க்குத் திருப்பாவிட்டால் கணினி எழாது.

தகுதியே இல்லாத கணினியிலும் ரூஃபஸ் மென்பொருளால் செய்த பென் டிரைவ் விண்டோஸ் 11-ஐ ஏற்றிவிடும். டிபிஎம், செக்யூர் பூட் சோதனைகளைத் தாண்ட அதிலேயே தெரிவு உண்டு. மாத அப்டேட் வழக்கமாக வருகிறது, ஆனால் மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தரவில்லை. ஆண்டுப் பதிப்பு தானாக வராது. ஒவ்வொரு முறையும் பென் டிரைவ் செய்து கையால் ஏற்ற வேண்டும். கோர் 2 டுயோவில் விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு எழவே எழாது; அது கேட்கும் பாப்கவுண்ட் கட்டளை அந்தச் சிப்பில் இல்லை. பிறரின் வரவு-செலவுக் கணக்கு இருக்கும் கணினியில் இந்த வழியை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

வீட்டுக்கும் மாணவருக்கும் லினக்ஸ் வகைகளில் ஒன்றான மின்ட்டின் இலேசான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. தயங்காமல் சொல்லலாம். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு. குறைந்தது 2 ஜிபி ரேம் என்பார்கள். பிரவுசரில் நாலு டேப் திறந்தால் அது திணறும், 4 ஜிபி வையுங்கள். அரசு தந்த விலையில்லா மடிக்கணினி மூலையில் கிடந்தால், எஸ்எஸ்டியும் ரேமும் போட்டுக் கொடுத்தால் ஒரு பிள்ளை படிக்க அது போதும்.

8 ஜிபி பென் டிரைவில் மின்ட்டை எழுதி, பூட் மெனுவில் அதைத் தேர்ந்தெடுங்கள். லெனோவா, டெல்லில் எஃப்12, எச்பியில் எஃப்9. உடனே இன்ஸ்டால் அழுத்தாதீர்கள். பென் டிரைவிலிருந்தே ஓடவிட்டு வைஃபை, ஒலி, கேமரா, பிரின்டர் ஒவ்வொன்றாகப் பாருங்கள். பிராட்காம் வைஃபை தெரியாவிட்டால், போனை யூஎஸ்பி டெதரிங்கில் இணைத்து டிரைவர் மேனேஜரைத் திறந்தால் தேவையான டிரைவர் வரும். தமிழ் தட்டச்சுக்கு ஐபஸ் எம்17என் தொகுப்பை ஏற்றுங்கள். தமிழ்99, ஒலிபெயர்ப்பு, தட்டச்சு விசைப்பலகை மூன்றும் கிடைக்கும்.

லினக்ஸ் கடையில் காலை வாருவது பிரின்டர்தான். எச்பி லேசர்ஜெட் 1020-க்குள் நிரந்தர ஃபர்ம்வேர் கிடையாது. ஒவ்வொரு முறை இயக்கும்போதும் கணினிதான் அனுப்ப வேண்டும். அதனால் எச்பியின் லினக்ஸ் டிரைவரான எச்பிஎல்ஐபி-யுடன் அதன் பிளகினும் அவசியம். அப்டேட்டில் எச்பிஎல்ஐபி மாறி பிளகின் பழையதாக நின்றால் அச்சு வராது. பிளகினை மறுபடி ஏற்றினால் சரி. கேனன் எல்பிபி2900 இதைவிடக் கடினம். அதன் காப்ட் டிரைவர் பழையது, 64-பிட் கணினியில் 32-பிட் கோப்புகளைக் கேட்டு அடம்பிடிக்கும். ஜெராக்ஸ் கடையில் அந்த பிரின்டர்தான் சோறு போடுகிறது என்றால் விண்டோஸிலேயே இருங்கள்.

கூகுள் தரும் ஓஎஸ்ஸான குரோம் ஓஎஸ் ஃப்ளெக்ஸ் கற்றுக்கொள்ள எளிது, 4 ஜிபி ரேம் போதும். ஆனால் கூகுள் கணக்கும் நெட்டும் இல்லாமல் பயன் குறைவு, பிளே ஸ்டோர் செயலிகள் வராது. நிறுவினால் டிஸ்க் முழுவதும் அழியும்; பக்கத்தில் விண்டோஸை வைத்துக்கொள்ள முடியாது. பிரவுசர் மட்டும் பார்க்கும் பெரியவர்களுக்கு நல்லது.

பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளும் பாமினி எழுத்துருவும் வைத்திருக்கும் டிடிபி கடைக்கு ஆறாவது வழி ஒன்று உண்டு: பழைய விண்டோஸை அப்படியே விட்டு நெட் கேபிளைப் பிடுங்கி, வைஃபையையும் அணைத்துவிடுவது. அங்கே ஆபத்து வாடிக்கையாளர் கொண்டுவரும் பென் டிரைவ் வழியாகத்தான் வரும். அதை முதலில் மின்ட் ஓடும் இன்னொரு கணினியில் செருகி, வேண்டிய ஃபைலை மட்டும் எடுத்து, கடைக்கென்று வைத்திருக்கும் பென் டிரைவில் மாற்றுங்கள். பத்திரிகை மாடல்களை வாரம் ஒருமுறை வெளி டிஸ்க்கில் நகலெடுத்து, எடுத்த பின் அதைக் கழற்றி வையுங்கள்.