சேசிஸ் இயர் வாங்கலாமா? கார் சத்தம் பிடிக்கும் கருவிக்கு ஒரு மதிப்பீடு

"அண்ணாச்சி, முன்னாடி எங்கயோ லொடலொடங்குது." வண்டியை விடுகிறவரால் அதற்கு மேல் சொல்ல முடியாது. லிஃப்டில் ஏற்றிக் குலுக்கினால் சத்தம் வராது. எடை ஏறி, சக்கரம் ரோட்டில் உருளும்போதுதான் வரும். அதனால்தான் லிங்க் ராடு (சஸ்பென்ஷனையும் குறுக்குக் கம்பியையும் இணைக்கும் சின்னத் தண்டு) மாற்றி, அடுத்து புஷ் (இணைப்புகளில் இருக்கும் ரப்பர் உருளை) மாற்றி, கடைசியில் சாக் அப்சார்பரும் மாற்றிய பிறகும் சத்தம் அப்படியே இருக்கிறது. அந்த வீண் செலவைத் தடுக்கத்தான் சேசிஸ் இயர்.

கருவி எளிமையானது. மைக் பொருத்திய ஆறு கிளிப்புகள், எந்த மைக்கைக் கேட்பது என்று மாற்றும் ஒரு பெட்டி, ஒரு ஹெட்போன். வயர் உள்ளது, வயர்லெஸ் என்று இரண்டு வகை உண்டு. வயர்லெஸ்ஸில் மாட்டும் வேலை சுலபம். ஆனால் பின் ஆக்சில் பக்கம் மாட்டினால் தரைத் தகடு மறைத்துச் சிக்னல் விட்டுவிட்டு வரலாம். ஒரு கணம் மட்டும் கேட்கும் 'டக்'கைப் பிடிக்க அது உதவாது. பட்டறைக்கு வயர் செட்டே நல்லது.

மாட்டுவதில்தான் பாதி வேலை. கிளிப் இரும்பைக் கடிக்க வேண்டும். ரப்பர், பிளாஸ்டிக் மேல் மாட்டினால் பயனில்லை. முன் பக்கச் சத்தத்துக்கு இடது, வலது நக்கிள்களில் (சக்கர பேரிங்கைத் தாங்கும் இரும்புப் பாகம்) ஒவ்வொன்று, இரண்டு லோயர் ஆர்ம்களிலும் (சக்கரத்தைக் கீழிருந்து வண்டியோடு இணைக்கும் கை) புஷ் ஓரமாக ஒவ்வொன்று, சந்தேகப்படும் லிங்க் ராடில் ஒன்று, கியர்பாக்ஸ் மவுண்டில் ஒன்று. வயரை டிரைவ் ஷாஃப்ட் (சக்கரத்தைச் சுற்றும் தண்டு), சைலன்சர் குழாய், சக்கரம் திரும்பும் வழி மூன்றையும் விட்டு விலக்கி, கேபிள் டையால் கட்டுங்கள். நகரும் முன் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை ஒடித்துப் பார்ப்பது கட்டாயம். ஹெட்போனைப் பக்கத்தில் இருப்பவர் போடட்டும், ஓட்டுகிறவர் போடவே கூடாது.

இந்தக் கருவி தன் விலையைத் திருப்பித் தருவது வீல் பேரிங்கில். நாலுவழிச்சாலையில் நாங்குநேரி பக்கம் 60 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும் 'ஊங்' என்று கிளம்பி, வேகத்தோடு ஏறி, நியூட்ரலில் விட்டாலும் மாறாமல் இருந்தால் அது இன்ஜின் அல்ல. வழக்கமான சோதனை, வேகமாக ஓடும்போது மெல்ல வலப்பக்கம் வளைப்பது. எடை இடது சக்கரத்துக்குப் போகும். சத்தம் கூடினால் இடது பேரிங். ஆனால் தேய்மானம் ஆரம்ப நிலையில் இருந்தால் இந்த வித்தியாசம் காதுக்குத் தெரியாது. அங்கே இரண்டு நக்கிள் கிளிப்பையும் வால்யூமை மாற்றாமல் மாற்றி மாற்றிக் கேளுங்கள். நல்ல பேரிங்கில் சீரான இரைச்சல். போன பேரிங்கில் மணலை அரைக்கிற கரகரப்பு. நல்ல பக்கத்தைக் கழற்றும் தவறு இதனால் நின்றுபோகும்.

பேரிங்கையும் டயரையும் குழப்பிக்கொள்வது அடிக்கடி நடக்கிறது. அலை அலையாகத் தேய்ந்த டயரும் இதே மாதிரி முனகும். தார் மாறும் இடத்தில் சத்தமும் மாறினால் டயரைச் சந்தேகியுங்கள். முன் டயர்களைப் பின்னுக்கு மாற்றிப் போட்டு ஓட்டினால் சத்தமும் பின்னுக்குப் போகும். இதற்கு கருவியே வேண்டாம்.

லொடலொட சத்தத்தில் ஒரு எச்சரிக்கை. அதிகம் கேட்கிற கிளிப்தான் குற்றவாளி என்று முடிவு கட்டாதீர்கள். சப்ஃப்ரேம் (சஸ்பென்ஷனைத் தாங்கும் அடிச்சட்டம்) வழியாக 'டக்' நன்றாகப் பயணிக்கும். சத்தம் கூடிய திசையில் கிளிப்பை நகர்த்தி மறுபடியும் ஓட்டுங்கள். லிங்க் ராடுதான் என்று தோன்றினால் இரண்டு பக்கமும் கழற்றிக் கட்டிவைத்து, 20 கிலோமீட்டர் வேகத்துக்குள் வேகத்தடைகளில் ஏறி இறங்குங்கள். சத்தம் போய்விட்டால் உறுதி. ஒரு பக்கம் மட்டும் கழற்றினால் அடுத்த பக்கம் பாரம் இல்லாமல் தொங்கும், அதனால் சோதனை குழம்பும்.

சில சத்தங்களுக்கு இதை மாட்டுவதே வீண். ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது 'டக்டக்டக்' என்றால் வெளி சிவி ஜாயின்ட் (டிரைவ் ஷாஃப்ட் சக்கரத்தோடு சேரும் மூட்டு). அதன் ரப்பர் உறையான பூட் கிழிந்து ரிம்மின் உள்பக்கம் கிரீஸ் தெறித்திருக்கும். திசையன்விளை பக்கம் செம்மண் பாதையில் போய்வந்ததும் திடீரென்று காதைக் கிழிக்கும் கிறீச் என்றால், பிரேக் பேடைக் குறை சொல்லும் முன் டிஸ்குக்கும் பின் தகட்டுக்கும் நடுவே பாருங்கள். சின்னக் கல் ஒன்று சிக்கியிருக்கும். ரிவர்சில் கொஞ்சம் ஓட்டினால் பெரும்பாலும் விழுந்துவிடும். விழாவிட்டால் சக்கரத்தைக் கழற்றித் தகட்டை லேசாக விலக்கினால் போதும். உவரி, இடிந்தகரை போலக் கடலோர ஊர் வண்டிகளில் உப்புக்காற்றால் ஹீட் ஷீல்டு (சைலன்சர் குழாயின் சூட்டை மறைக்கும் தகடு) போல்ட் துருப்பிடித்து, குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் தகரம் அதிரும். பெரிய ஸ்டீல் ஹோஸ் கிளிப் ஒன்றைச் சுற்றி இறுக்கினால் தீர்ந்தது.

காற்றுச் சத்தத்துக்கும் சேசிஸ் இயர் பயன்படாது. ஆனி, ஆடியில் பணகுடி, காவல்கிணறு வழியே போனால் காற்றாலைகளைச் சுற்றுகிற அதே காற்று கதவு ஓர ரப்பர் பீடிங்கிலும் கண்ணாடி இடுக்கிலும் ஊதும். மாஸ்கிங் டேப்பை ஒவ்வொரு இடுக்காக ஒட்டி, எதை ஒட்டியதும் நிற்கிறது என்று பார்ப்பதுதான் வழி.

இன்ஜின் பக்கச் சத்தத்துக்குச் சில நூறு ரூபாயில் கிடைக்கும் மெக்கானிக் ஸ்டெதாஸ்கோப்பே போதும். அதன் கம்பியை ஆல்டர்நேட்டர் உடல், பெல்ட்டைத் தாங்கும் ஐட்லர் புல்லியின் நடு போல்ட், வாட்டர் பம்ப் என்று சுற்றாத இடத்தில் மட்டும் வையுங்கள். பெல்ட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் கை, சட்டை எதுவும் இருக்கக் கூடாது. வீட்டுக்கு ஒரு கார் வைத்திருப்பவர் இதை வாங்கினால் போதும். சேசிஸ் இயருக்குச் சில ஆயிரம் போட வேண்டாம். சஸ்பென்ஷன் வேலை அடிக்கடி வரும் பட்டறைக்கு அது தேவை.

குறைகளும் உண்டு. மலிவு செட்டில் கிளிப்பின் ஸ்பிரிங் தளர்ந்து, அதுவே கிணுகிணுக்கும்; புதிதிலேயே ஒரு கிளிப்பை வெறும் இரும்பில் மாட்டி, மேடுபள்ளத்தில் ஓட்டிக் கேட்டுவிடுங்கள். ஹெட்போன் வயர் பெட்டியோடு சேரும் இடமும் சீக்கிரம் விட்டுப்போகும். வாங்கும்போது சாதாரண 3.5 மில்லிமீட்டர் பின் ஏற்கிறதா என்று பாருங்கள். அப்போது வேறு ஹெட்போன் மாட்டிக்கொள்ளலாம்.