ட்ரோன் லைடார்: சில வருஷம் யூஸ் பண்ண பிறகு சொல்றேன்

சர்வே வேலைக்கு ட்ரோன்ல மாட்டுற லைடார் சென்சார் (லேசர் ஒளியை அனுப்பி, அது திரும்பி வர்ற நேரத்தை வெச்சு தூரம் அளக்கிறது) சில வருஷமா யூஸ் பண்றேன். வாங்கலாமான்னு யோசிக்கிறவங்களுக்கு முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், வெட்டவெளி நிலம் மட்டும்தான் உங்க வேலைன்னா போட்டோகிராமெட்ரியே (நிறைய போட்டோவ சேர்த்து நிலத்தை அளக்கிறது) போதும், செலவும் கம்மி.

மரம் செடி அடர்ந்த இடத்துலதான் இது குடுத்த காசுக்கு வேலை செய்யுது. ஒரு பல்ஸ், அதாவது ஒரு லேசர் துடிப்பு, கீழ போறப்போ கொஞ்சம் இலையில பட்டு திரும்பிடும், மிச்சம் இடுக்கு வழியா இறங்கி தரையில பட்டு திரும்பும், அந்த கடைசி ரிட்டர்ன்தான் நமக்கு தங்கம். மரத்தையெல்லாம் வடிகட்டிட்டு தரைக்கு மட்டும் ஹில்ஷேட் (மேடு பள்ளம் தெரிய வெளிச்சம் நிழல் குடுத்த படம்) போட்டா, வெறும் பச்சையா தெரிஞ்ச இடத்துல பழைய வண்டித்தடம், சின்ன ஓடை, மண் கரை எல்லாம் கோடு கோடா எழும்பி வருது, இன்னிக்கு வரைக்கும் எனக்கு அது அலுக்கவே இல்ல. பெலிஸ் நாட்டுல கரகோல்ங்கிற மாயா நகரத்தை 2009ல விமானத்துல இருந்து ஸ்கேன் பண்ணி, காட்டுக்கு அடியில இருந்த படிக்கட்டு வயல்களை வெளிய கொண்டு வந்ததும் இதே டெக்னிக்தான்.

டேட்டாஷீட்ல லேசரோட ரேஞ்ச் அக்யூரசிய மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க, ஐஎம்யூவ (ட்ரோனோட சாய்வையும் அசைவையும் அளக்கிற சென்சார்) பாருங்க. அது சாய்வை 0.05 டிகிரி தப்பா சொன்னாலே 100 மீட்டர் உயரத்துல புள்ளி கிட்டத்தட்ட 9 சென்டிமீட்டர் தள்ளிப் போய் விழும். ரெண்டு ஸ்ட்ரிப் (ஒரு தடவை நேரா பறந்து ஸ்கேன் பண்ண பட்டை) ஓவர்லாப் ஆகுற இடத்துல ஏதாவது ஒரு கூரையை டேட்டாவுல குறுக்க வெட்டிப் பாருங்க, ஒரே கூரை ரெண்டு கோடா தெரிஞ்சா போர்சைட் கேலிப்ரேஷன் (லேசருக்கும் ஐஎம்யூவுக்கும் நடுவுல இருக்கிற கோண வித்தியாசத்தை சரி பண்றது) பண்ணியே ஆகணும்.

குறைன்னா எனக்கு பெருசா படுறது புல்லுதான். பல்ஸே சில நானோசெகண்ட் நீளம், ஒளி போய் திரும்புறதால 1 நானோசெகண்டுக்கு 15 சென்டிமீட்டர்னு கணக்கு, அதனால புல் நுனியும் தரையும் தனித்தனியா பிரியாம ஒண்ணா கலந்து தரையே மேல தூக்கின மாதிரி வரும், எந்த ஃபில்டர் போட்டாலும் முழுசா சரியாகாது. தேங்கின தண்ணியில அகச்சிவப்பு லேசருக்கு பெரும்பாலும் ரிட்டர்னே வராது, தண்ணிக்கு அடியில பாக்க 532 நானோமீட்டர் பச்சை லேசர் வேணும், அது வேற பட்ஜெட்.

பறக்குறது சீக்கிரம் முடிஞ்சிடும், நேரத்தை முழுங்குறது தரையை பிரிக்கிற வேலைதான். இலவசமா கிடைக்கிற கிளவுட்கம்பேர் சாஃப்ட்வேர்ல தரையை பிரிக்க சிஎஸ்எஃப் பிளகின் இருக்கு, பாயிண்ட் கிளவுட (ஸ்கேன்ல வந்த புள்ளிகளோட கூட்டம்) தலைகீழா திருப்பி மேல துணி விரிக்கிற மாதிரி கணக்கு போடும், சமமான நிலத்துக்கு அருமை, செங்குத்துச் சரிவுல மட்டும் செட்டிங்ஸ மாத்தி மாத்தி பாக்கணும். செக் பாயிண்ட்ட (துல்லியத்தை சரிபார்க்க தரையில தனியா அளக்கிற புள்ளி) ரோட்டுல மட்டும் வைக்காதீங்க, மரத்தடியிலயும் புல்லுலயும் சிலது வைங்க, அங்க வர்ற எரர்தான் நிஜம்.